நண்பர்களோடு முதல் ஸ்னோமொபைல் பயணம்: ஹாலிபேர்ட்டனில் ஒரு வார இறுதி

குளிர்காலம் முழுவதும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு, வடக்கே போய் ஒரு வார இறுதியைப் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் கழிப்பதைவிட நல்ல மருந்து இல்லை என்பது என் எண்ணம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்றே ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாதைகள் இருக்கின்றன. ஊர்தோறும் இருக்கும் கழகங்களின் தொண்டர்கள் அவற்றைப் பராமரிக்கிறார்கள். அந்தக் கழகங்களை ஒன்றிணைப்பது ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக ஓ.எஃப்.எஸ்.சி. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய ஹாலிபேர்ட்டன் பகுதியை வைத்தே இங்கே எழுதுகிறேன். ஸ்காபரோவிலிருந்து 401இல் கிழக்கே போய், 115இல் ஏறி, அங்கிருந்து 35ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து லின்ட்சே, கோபோகொங்க், மிண்டன் என்று வடக்கே ஏறும் வழி.

இந்த வண்டியில் ஒருமுறைகூட ஏறியிராத நான்கைந்து நண்பர்களை மனத்தில் வைத்திருக்கிறேன். கார் ஓட்டத் தெரிந்தவர் இதை ஓட்டக் கற்க அரை மணி நேரம் போதும். குழுவாக ஓட்டுவதுதான் தனியாகக் கற்க வேண்டிய வித்தை. ஆகவே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆட்களும் நாளும்

நான்கு முதல் ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சந்தியிலும் காத்திருப்பதிலேயே நேரம் கரைந்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, இடையில் பத்து நிமிடம் விட்டுப் புறப்படுங்கள். வேகத்துக்காக வருகிறவரையும் பயந்துகொண்டே வருகிறவரையும் பேசாமல் ஒரே குழுவில் சேர்த்தால் இருவருக்கும் அந்த நாள் வீண். யார் என்ன எதிர்பார்த்து வருகிறார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான். இதை ஏற்காதவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

ஹாலிபேர்ட்டன் பக்கத்துப் பாதைகள் பெரும்பாலும் ஜனவரியில் திறந்து மார்ச்சில் மூடப்படும். ஜனவரி இறுதியும் பெப்ரவரி முற்பாதியும் புதியவர்களுக்கு ஏற்ற காலம். குளிர் நிலைத்திருக்கும், பனியும் போதிய அளவு படிந்திருக்கும். பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப தின நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பாதையெங்கும் கூட்டம். காலையில் மேசைபோல் சமமாக இருந்த பாதை மதியத்துக்குள் மேடும் பள்ளமுமாக உடைந்து முதுகைப் பதம் பார்க்கும்.

தங்குமிடத்தை இரத்துச் செய்ய முடியும் என்ற நிபந்தனையோடு பதிவு செய்யுங்கள். நடுக் குளிர்காலத்திலும் ஓரிரு நாள் வெப்பம் ஏறி மழை பெய்வது ஒன்ராறியோவில் வழமை. ஒரு நல்ல மழை போதும், பாதைகள் மூடப்பட்டுவிடும். கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் போகக்கூடாத நாளில் பலரையும் புறப்பட வைக்கிறது.

வாடகை, உரிமம், அனுமதி

முதல் தடவை போகிறவர்கள் சனிக்கிழமைக்காவது வழிகாட்டியோடு செல்லும் பயணத்தையே எடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். செலவு கூடும். ஆனால் எந்தச் சந்தியில் திரும்புவது, எந்த ஏரியைத் தவிர்ப்பது என்ற கவலையை அந்த ஊர்க்காரர் ஒருவர் சுமந்தால், நீங்கள் வண்டியைப் பற்றி மட்டும் யோசிக்கலாம்.

வாடகைக் கடைக்குத் தொலைபேசியில் பேசும்போது சில கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். ஓ.எஃப்.எஸ்.சி. பாதை அனுமதி வாடகைக்குள் அடங்குமா? அந்த அனுமதி வண்டிக்குரியது, ஓட்டுகிற ஆளுக்குரியதல்ல. ஆகவே நீங்கள் எடுக்கும் வண்டியிலேயே அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை எவ்வளவு? இதை எழுத்தில் வாங்குங்கள். முன்பக்கத்தில் சறுக்குப் பலகைபோல் இருக்கும் ஒரு ஸ்கீயை மரத்தில் மோதி வளைத்தாலே பில் பெரிதாக வரும். கடை வாசலிலிருந்தே பாதையில் ஏறலாமா, அல்லது ட்ரெய்லரில் இழுத்துப்போக வேண்டுமா? நடுக்காட்டில் பழுதானால் யார் வந்து எடுப்பார்கள், அதற்குத் தனிக்கட்டணம் உண்டா?

ஓட்டுநர் உரிமம் விடயத்தில் கவனம் வேண்டும். பாதையில் ஓட்டுவதற்குச் செல்லுபடியாகும் கார் ஓட்டுநர் உரிமமோ, ஸ்னோமொபைலுக்கென வழங்கப்படும் தனி உரிமமோ வேண்டும் என்பது மாகாணச் சட்டம். வாடகைக் கடைகள் அதற்கு மேல் தங்கள் சொந்த நிபந்தனைகளையும் வைக்கின்றன. குறைந்தபட்ச வயதைக் கூட்டிவைப்பவர்கள் உண்டு, முழு உரிமம் உள்ளவருக்கு மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. அண்மையில் கனடாவுக்கு வந்து இன்னும் முழு உரிமம் எடுக்காத நண்பர் குழுவில் இருந்தால் இதை முதலிலேயே விசாரியுங்கள். அவர் இருவர் அமரும் வண்டியில் பின்னால் இருந்து வரலாம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். இந்த வண்டிகள் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகக்கூடியவை என்பதால், வேகமானியைப் பார்க்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

மதுவைப் பற்றி ஒரே வார்த்தை: வண்டியை நிறுத்திச் சாவியை வைத்த பிறகுதான். கார் ஓட்டும்போது பொருந்தும் அதே சட்டம் இங்கும் பொருந்தும், பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமமும் சேர்ந்தே போகும். பாதைகளில் மாகாணப் பொலிஸாரும் ஸ்னோமொபைலில் வந்து சோதிக்கிறார்கள். கஞ்சாவுக்கும் இதுதான்.

உடை: குளிரைக் காற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலையைப் பார்த்து உடுத்தினால் போதாது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால், காற்றில்லாத நாளிலும் உங்கள் தோலுக்கு அது மைனஸ் 22 போலிருக்கும். மைனஸ் 20 என்றால் மைனஸ் 35. காற்றுக்குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களில் உறையக்கூடும் என்று கனடிய வானிலைத்துறை எச்சரிக்கிறது. கழுத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் விரல் அகல இடைவெளி இருந்தாலும் காற்று அதைத் தேடிப்பிடித்து நுழைந்துவிடும்.

உடலோடு ஒட்டிய முதல் அடுக்கு, வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழையாகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். அதன் மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை. வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும், மார்புவரை வரும் தோள்பட்டி வைத்த காற்சட்டையும். இந்த வெளியுடையையும் பூட்ஸையும் பெரும்பாலான கடைகள் வாடகைக்குத் தருகின்றன, வாங்க வேண்டியதில்லை. கைக்கு விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் மிற்றன் சூடாக இருக்கும். கைப்பிடியில் சூடேற்றி இருந்தாலும் மாற்றுக் கையுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். தடித்த காலுறையைத் திணித்துப் பூட்ஸை இறுக்கமாக்காதீர்கள். விரல்கள் அசைய இடமில்லாத காலணிதான் முதலில் விறைக்கும்.

நம்மவர்களில் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். மூச்சுக்காற்று மேலே ஏறிக் கண்ணாடியிலும் ஹெல்மெட்டின் முகத்திரையிலும் படிந்து உறைந்துவிடும். நிமிடத்துக்கொருமுறை திரையைத் தூக்கித் துடைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. மின்சாரத்தில் சூடாகும் முகத்திரை உள்ள ஹெல்மெட் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். வண்டியிலிருந்து ஒரு வயர் வந்து திரையில் செருகும். அது இல்லாவிட்டால், மூக்கின் மேல் இறுக்கமாகப் படிந்து மூச்சைக் கீழே தள்ளும் மூச்சுத்தடுப்பானையாவது கேட்டு வாங்குங்கள். சாப்பிட நிறுத்தும்போது ஹெல்மெட்டைப் பனியில் வைக்காமல் கட்டடத்துக்குள் எடுத்துப்போய், உட்புறம் மேலே இருக்கும்படி வைத்துக் காயவிடுங்கள்.

வியாழனும் வெள்ளியும்: பாதை நிலை

ஓ.எஃப்.எஸ்.சி.யின் இணைய வரைபடத்தில் ஒவ்வொரு பாதையும் நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். பச்சை என்றால் திறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் பனி குறைந்த இடங்களும் சீர்செய்யப்படாத பகுதிகளும் இருக்கும். சிவப்பு என்றால் மூடியிருக்கிறது, அதில் ஏறினால் பிறர் நிலத்துக்குள் அத்துமீறி நுழைந்ததாகிவிடும். வியாழன் இரவு ஒருமுறை, வெள்ளி புறப்படுமுன் ஒருமுறை, சனி காலை ஒருமுறை பாருங்கள். ஒரே இரவில் நிறம் மாறும்.

இந்தப் பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் ஊடாகப் போகிறது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நில உரிமையாளர்கள் நல்லெண்ணத்தில் கொடுத்த இசைவு அது. யாரோ ஒருவர் படம் எடுக்க ஆசைப்பட்டு பக்கத்து வயலில் வட்டமடித்தால், அடுத்த ஆண்டு அந்த உரிமையாளர் வேலியடைத்துவிடலாம். அப்போது ஊருக்கே அந்தப் பாதை இல்லாமல் போய்விடும். குறியிட்ட பாதையைவிட்டு இறங்கக்கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பானவன்.

முதல் நாளுக்கு 60 முதல் 80 கிலோமீற்றர் போதும். நின்று நின்று போகும்போது அதற்கே நான்கு மணி நேரம் ஆகிவிடும். கின்மவுண்ட்டிலிருந்து ஹாலிபேர்ட்டன் ஊர் வரை பழைய ரயில் பாதை இருந்த தடம் இன்று ஸ்னோமொபைல் பாதையாக இருக்கிறது. ரயிலுக்காகப் போட்டதால் செங்குத்தான ஏற்ற இறக்கமோ திடீர் வளைவோ கிடையாது. புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. நேராக நீண்டு கிடப்பதால் வேகம் தானாக ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். காட்டுக்குள் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று குழுவில் இருந்தால் மிகவும் நல்லது. கைபேசியை வெளிச் சட்டைப்பையில் வைத்தால் குளிரில் பற்றரி இறங்கிவிடும். உள்ளடுக்கில், உடம்புச்சூடு படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி காலை: வண்டியோடு பழகுதல்

முன்னால் இரண்டு ஸ்கீகள், பின்னால் சுழலும் ஒரு ரப்பர் பட்டை, மேலே எஞ்சினும் இருக்கையும். வண்டி அவ்வளவுதான். பனியில் உருளும் அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு தகப்பனின் துயரம் இருக்கிறது. கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப் ஆர்மண்ட் பொம்பார்டியேயின் சிறு மகன் 1934 குளிர்காலத்தில் நோயுற்றபோது, பனி மூடிய வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வகையில்லாமல் இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டியைச் செய்வதற்கு அவர் முன்பே முயன்றுகொண்டிருந்தார். 1937இல் பல்சக்கரமும் பட்டையும் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அது பலர் ஏறும் பெரிய வண்டிக்கானது. ஓரிருவர் ஏறும் இலேசான ஸ்கீ-டூ 1959இல் வந்தது.

காலையில் வண்டியைத் தொடுமுன் அதைச் சுற்றி வாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியின் ஸ்கீகளும் பட்டையும் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். ஸ்கீயின் முனையில் இருக்கும் வளையத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பிரித்துவிடுங்கள். பின்பக்கத்தையும் சற்றுத் தூக்கி அசையுங்கள். ஒட்டியபடியே எஞ்சினை முறுக்கினால் இழுவைப் பட்டி தேயும். பிறகு, எஞ்சினை இயக்குவதற்கு முன்பே வலது கைப்பிடியில் இருக்கும், வேகம் கொடுக்கும் விசையைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள். அது உடனே துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பத் தயங்கினால், உள்ளே பனி உறைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் எஞ்சினை இயக்கினால் வண்டி தானாகப் பாயும். இடது கைப்பிடியில் இருப்பது பிரேக். பாதுகாப்புக் கயிற்றின் ஒரு முனை வண்டியில் செருகியிருக்கும், மறுமுனையை உங்கள் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் அணைந்துவிடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதை மாட்டினீர்களா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணியை கடைக்காரர் காட்டும் திறந்த வெளியில் செலவிடுங்கள். பெருவிரலை மெல்ல அழுத்திப் புறப்படுவது, நிற்பது, எட்டுப்போல் வளைவது. பனியில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வளைத்தால் ஸ்கீகள் பிடிமானம் இழந்து வண்டி நேராகவே வழுக்கிப் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளையும்போது உடம்பை உட்புறம் சாய்த்து, விசையை இலேசாகக் கொடுத்தபடி வெளியே வர வேண்டும். பின்னால் இருப்பவரும் அதே பக்கம் சாய வேண்டும். வண்டி சரிவதுபோல் தெரிந்தால் மோட்டார் சைக்கிளில் செய்வதுபோல் காலை வெளியே ஊன்றப் பார்க்கும் நம் கை கால்களின் பழக்கத்தை இங்கே அடக்கியே ஆக வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து வெளியே நீட்டிய கால் பனியில் செருகி முறிந்துவிடும். இரு பாதங்களும் எப்போதும் கால் வைக்கும் பலகையின் மேல்.

வரிசையும் கைச்சைகையும்

முன்னால் வழிகாட்டி, அல்லது குழுவில் அனுபவம் மிக்கவர். அவருக்கு நேர் பின்னால் மிகப் புதியவர். கடைசியில் அனுபவத்தில் இரண்டாமவர். மெதுவாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விட்டால் அவர் எட்டிப்பிடிக்கும் பதற்றத்திலேயே தன் திறமைக்கு மேல் வேகம் எடுப்பார். அவரை முன்னுக்கு வைத்தால் முன்னோடி கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தன் வேகத்தைத் தானே அமைத்துக்கொள்வார்.

அடுத்தது, முழுப் பயணத்தையும் தாங்கிப்பிடிக்கும் விதி: ஒவ்வொரு சந்தியிலும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களைக் காணும்வரை நின்று, அவர் நீங்கள் திரும்பும் திசையைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். முன்னோடிக்கு மட்டுமான விதி அல்ல இது, ஒவ்வொருவருக்கும் உரியது. எல்லோரும் தனக்குப் பின்னால் இருக்கும் ஒருவருக்கு மட்டும் பொறுப்பெடுத்தால், ஆறு பேரில் யாரும் தொலைய மாட்டார்கள். எவராவது நின்றுவிட்டால், அவருக்கு முன்னால் இருப்பவர் நிற்பார், அவருக்கு முன்னால் இருப்பவரும் நிற்பார். சில நிமிடங்களில் வரிசை முழுவதும் நின்று, காரணம் தேடித் திரும்பிவரும். முன்னால் போகும் வண்டி கிளப்பும் பனித்தூள் அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். தூளுக்குள் ஓட்டுகிறவர் எதிரே வருவதைக் காண மாட்டார்.

கைச்சைகைகள் எல்லாம் இடக்கையால்தான், வலக்கை விசையில் இருக்க வேண்டும் என்பதால். நேரே மேலே தூக்கிய கை, நிற்கப் போகிறேன். பக்கவாட்டில் நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடித்து முன்கையை நிமிர்த்தினால் வலப்பக்கம். நிமிர்த்திய கையைத் தலைக்கு மேலாகப் பாதையின் வலது ஓரத்தை நோக்கி அசைத்தால், எதிரே வண்டி வருகிறது, ஒதுங்குங்கள். பெருவிரலைப் பின்னோக்கிக் காட்டினால், எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் வருகின்றன. விரல்களை மடக்கிய கையை உயர்த்திக் காட்டுகிறவர் வரிசையின் கடைசி ஆள். கடைசி இரண்டு சைகைகளும் எதிரே வருகிறவர்களுக்கானவை. அந்த மடக்கிய கையைக் காணும்வரை அவர்கள் ஓரத்திலேயே போவார்கள். காரில் ஏறுமுன் வீட்டிலேயே எல்லோரும் இவற்றை ஒருமுறை செய்து பாருங்கள்.

குறுகிய பாதையில் இரு திசையிலிருந்தும் வண்டிகள் வரும். எப்போதும் வலது ஓரம். வளைவிலும் மேட்டின் உச்சியிலும் நிற்கவே கூடாது. வீதியைக் கடக்கும் இடத்தில் முழுமையாக நின்று, ஒவ்வொருவரும் தன் கண்ணால் இருபுறமும் பார்த்து, செங்குத்தாகக் கடக்க வேண்டும். முன்னே போனவர் கையசைத்தார் என்பதற்காகப் பின்னால் வருகிறவர் பார்க்காமல் ஏறக்கூடாது. பாதையைச் சமன்செய்யும் பெரிய இயந்திரம் எதிரே வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். பாதையின் பெரும் அகலத்தை அது அடைத்துக்கொண்டு வரும்.

ஏரி

வடக்கில் நிகழும் ஸ்னோமொபைல் மரணங்களைப் பற்றிப் படிக்கும்போது திரும்பத் திரும்ப வருவது ஏரி. வெண்மையாக, சமமாக, பரந்து கிடக்கும் அதைப் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்றே தோன்றும். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. தெளிந்த நீல நிறக் கட்டிதான் வலிமையானது. பனியும் நீரும் கலந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்கு அதில் பாதி வலிமைதான். சாம்பல் நிறம் என்றால் நீர் ஊறியிருக்கிறது, கிட்டவே போகக்கூடாது. மேலே பனி மூடியிருந்தால் எந்த நிறம் என்று உங்களால் பார்க்கவும் முடியாது.

ஹாலிபேர்ட்டன் ஏரிகளுக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. அவற்றில் பல, தெற்கே படகுகள் ஓடும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழிக்கு நீர் தேக்கித் தரும் ஏரிகள். அணைகளைத் திறந்து அவற்றின் நீர்மட்டத்தை இறக்குவார்கள். ஏரி உறைந்த பின்னர் மட்டம் தாழ்ந்தால் கரையோரக் கட்டிக்குக் கீழே தாங்க நீரில்லாமல் வெற்றிடம் உண்டாகும், கட்டி வெடிக்கும். அணைகளுக்கு அருகிலும், ஓர் ஏரி இன்னோர் ஏரியோடு சேரும் ஒடுக்கங்களிலும், ஓடைகள் வந்து விழும் வாயிலும் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கட்டி மெலிந்திருக்கும். நூறு மீற்றர் தள்ளி லொறி நிற்கும் அளவுக்குத் தடிப்பாக இருந்தாலும் அங்கே ஆள் நடக்கும் தடிப்புகூட இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே புதியவர்களுக்கு என் ஆலோசனை எளிமையானது. வழிகாட்டி கூட்டிப்போனால் ஒழிய ஏரியில் இறங்காதீர்கள். அவர் கூட்டிப்போகும்போதும், கம்பு நட்டுக் குறித்திருக்கும் தடத்தைவிட்டு விலகாதீர்கள். இரவில் எந்த நிலையிலும் வேண்டாம். ஏரியில் போகிறவர்கள் கழுத்தில் பனிக்கத்தி ஒரு சோடி மாட்டிக்கொள்ள வேண்டும். சிறு கைப்பிடியில் கூரான ஆணி வைத்த கருவி அது.

விழுந்துவிட்டால் செய்ய வேண்டியதை மனப்பாடமாக வைத்திருங்கள். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் உறைநீரில் உடம்பு நடந்துகொள்ளும் விதத்தை 1-10-1 என்று சுருக்கித் தந்திருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அதை அடக்குவது மட்டுமே அந்த நிமிடத்து வேலை. அடுத்த பத்து நிமிடங்கள் கை கால் சொன்னபடி கேட்கும். வெளியேற முயல வேண்டியது அப்போதுதான். குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தக் கட்டிதான் உங்களைத் தாங்கியது. பனிக்கத்தியைக் குத்தி, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து வயிற்றால் ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் கரையை நோக்கி உருளுங்கள். காப்பாற்றப் போகிறவர்கள் கிட்டே ஓடாமல் தூரத்திலிருந்தே கயிற்றை எறிய வேண்டும்.

சாப்பாடும் நிறுத்தங்களும்

முக்கால் மணிக்கொருமுறை நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். மூக்கிலோ கன்னத்திலோ நம் தோலின் நிறம் மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு தெரிந்தால் உறைவு தொடங்கிவிட்டது. கனடிய வழிகாட்டி நூல்கள் வெள்ளைத் திட்டைத் தேடச் சொல்லும், கறுத்த தோலில் அது அப்படித் தெரியாது. தொட்டுப் பார்த்து மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். தேய்க்காமல், வெறும் கையை வைத்து மெல்லச் சூடாக்குங்கள். நடுக்கம், பேச்சுக் குழறல், ஜிப்பைக்கூடப் போட முடியாத தடுமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் பயணத்தை அங்கேயே முடித்துச் சூடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் இருக்கட்டும். ஸ்காபரோவில் வாங்கிய ரோல்ஸை எடுத்துப்போவதென்றால் ஜாக்கெட்டின் உட்பையில் வையுங்கள், வண்டிப் பெட்டியில் வைத்தால் மதியத்துக்குள் கல்லாகிவிடும். பேரீச்சம்பழமும் கச்சானும் கையுறையோடே எடுத்துச் சாப்பிட வசதி. வியர்க்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பெற்றோல் தாங்கி பாதியானதும் அடுத்த நிலையத்தில் நிரப்புங்கள். எந்த வகைப் பெற்றோல் என்பதைக் கடையிலேயே கேட்டுவையுங்கள். ஜனவரி நடுவில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மூன்றரைக்குள் திரும்பிவிடும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

வண்டி புதைந்துவிட்டால்

ஓரத்து ஆழப்பனியில் இறங்கிப் புதைந்த வண்டியில் விசையை அழுத்த அழுத்தப் பட்டை இன்னும் குழி பறிக்கும். உடனே விட்டுவிடுங்கள். இறங்கி, பட்டைக்கு முன்னாலும் ஸ்கீகளுக்கு முன்னாலும் இருக்கும் பனியை மிதித்துக் கெட்டியாக்குங்கள். ஒருவர் ஸ்கீயின் வளையத்தைப் பக்கவாட்டில் நின்று இழுக்க, ஓட்டுகிறவர் மெல்ல விசை கொடுக்கட்டும். பட்டைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அது எறியும் பனிக்கட்டி கல்லெறிக்குச் சமம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். வராவிட்டால் வியர்க்க வியர்க்க மல்லுக்கட்டாமல் மூச்சு வாங்குங்கள். குளிரில் நனைந்த உள்ளாடை பெரிய எதிரி.

ஞாயிறு

இரண்டாம் நாள் வலது பெருவிரலும் முன்கையும் வலிக்கும். களைப்பும் இருக்கும், முந்தைய நாள் பழகிய துணிச்சலும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கவனம் சிதறும். எனவே ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், முந்தைய நாள் தெரிந்துகொண்ட பாதையிலேயே ஓட்டிவிட்டு மதியத்துக்குள் முடியுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது, எடுத்தபோது எடுத்த படங்களோடு ஒப்பிட்டு ஸ்கீ, முன்பக்க மூடி, கண்ணாடி, பட்டை எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் பார்த்து, முன்பணம் திரும்ப வரும் என்பதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். நனைந்த உடைகளைப் பைக்குள் திணிக்காமல் காரின் பின் இருக்கையில் விரித்துவையுங்கள். 35ஆம் நெடுஞ்சாலையில் ஞாயிறு மாலை தெற்கே வரும் கூட்டம் அதிகம், திடீர்ப் பனிப்பொழிவில் பார்வையும் மறையும். இரண்டு பேராவது மாறி மாறிக் காரை ஓட்டுங்கள், முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. லின்ட்சேயில் நிறுத்தித் தேநீர் குடித்து ஆளை மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு.